அக்கா கேட்ட கம்பி

அவனைப் பயில்வான் என்று கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்காகத்தான். பள்ளிக்கூட நாட்களில் சட்டையை ஆணியில் மாட்டிய மாதிரி இருப்பான். யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது ஒட்டிக்கொண்டது. பிறகு அவனும் வைராக்கியமாக உடம்பை ஏற்றி, பெயருக்கு ஒரு மரியாதை தேடிக்கொண்டான். ஆனால் அந்த வீட்டில் நிஜமாகவே பளு தூக்கியவள் அவனுடைய அக்கா. ஒரு பேருந்து நிறுவனத்தின் பெண்கள் அணியில் பல வருஷம் இருந்தவள். முழங்கால் கைவிட்ட பிறகு அதே நிறுவனத்தில் மேஜை வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறையும், அதை ஒட்டிய சின்னச் சமையலறையும் அவளுக்கு.

மேஜை நாற்காலி விற்ற ஒரு பழைய கடையின் கூடத்தை வாடகைக்குப் பிடித்து ஜிம் தொடங்கப் போவதாகப் பயில்வான் சொன்னபோது, அக்கா பெரிதாக எதுவும் பேசவில்லை. பளு தூக்கும் ராடு வாங்கப் போகும்போது மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றாள். அவனுக்கும் அது சந்தோஷம்தான். தனக்கு உடம்பு ஏற்றத் தெரியும், சாமான் பார்த்து வாங்கத் தெரியாது என்பது அவனுக்கே தெரியும்.

ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட கிடங்கு அது. கடைக்காரர் தேநீர் டம்ளரைவிடக் கனமான எதையும் தூக்கியிருக்க மாட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு பார்பெல் கம்பியையும் தானே பெற்ற பிள்ளை மாதிரி அறிமுகம் செய்துவைத்தார். அக்கா காது கொடுத்துக் கேட்டாள், கண்ணை மட்டும் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

அவள் முதலில் எதையும் தூக்கவே இல்லை. பிடிக்கும் இடத்தில் அரம் போட்ட மாதிரி இருக்கும் சொரசொரப்பை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். ஒன்று வழுக்கியது. இன்னொன்று தோலை உரிக்கும் போலிருந்தது. இரண்டையும் தள்ளிவைத்தாள். பிறகு ஒரு கம்பியை இரண்டு தாங்கிகளின் மேல் படுக்க வைத்து விரலால் உருட்டிவிட்டு, குனிந்து நடுவில் பார்த்தாள். வளைந்த கம்பியாக இருந்தால் நடுப்பகுதி ஆடும். தட்டுகள் மாட்டுகிற இரண்டு முனைக் குழாய்களையும் பிடித்துக் குலுக்கினாள், கடகடவென்று சத்தம் வருகிறதா என்று. கடைக்காரர் ஒரு குழாயைச் சுண்டிவிட்டு, மின்விசிறி மாதிரி சுத்துது பாருங்க என்றார்.

"காத்து வாங்கவா வந்திருக்கோம்?" என்றாள் அக்கா. "சுத்துறது பெருசில்ல. கை திரும்புறப்ப கூடவே திரும்பணும், அப்புறம் சத்தமில்லாம நிக்கணும்."

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் விளக்கினாள். உன் ஜிம்முக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேலே தள்ளுவார்கள், இல்லை தோளில் வைத்து உட்கார்ந்து எழுவார்கள். அதற்கு வளையாத முரட்டுக் கம்பி போதும். ஆனால் தரையிலிருந்து இழுத்துத் தோளுக்கு ஏற்ற ஒருத்தர் ஆசைப்பட்டாலும், அவருக்கு வேறு கம்பி வேண்டும். கொஞ்சம் வளைந்து கொடுத்து நிமிர்கிற கம்பி. குழாய் தாராளமாகத் திரும்புகிற கம்பி. அந்த மாதிரி இரண்டு எடு. மற்றது சாதாரணமாக இருந்தால் பாதகமில்லை.

சொல்லிவிட்டு எழுந்தவள், சுவரோரம் தனியாகச் சாத்தியிருந்த ஒரு கம்பியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மற்றவற்றைவிட மெல்லியது, கொஞ்சம் குட்டை. பெண்களுக்கான பதினைந்து கிலோ கம்பி. முனைக் குழாய்களின் அளவு ஒன்றுதான் என்பதால் அதே தட்டுகளை இதிலும் மாட்டலாம். அக்கா அதைக் கையில் எடுத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களை அதன்மேல் பூட்டினாள். பிடி கச்சிதமாக உட்கார்ந்தது. கூட்டத்தில் எதிர்பாராமல் பழைய சிநேகிதியைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"இது ஒண்ணு எடுத்துக்கடா."

பயில்வான் தயங்கினான். பெண்கள் நடக்கிற மெஷினுக்குத்தான் வருவார்கள், ராடு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், இது சும்மா தூசி படிந்து கிடக்கும் என்றான். இந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் உள்ளே போய், ஒரே மாதிரி பளபளவென்று முலாம் பூசிய ஆறு கம்பிகளைக் காட்டினார். செட்டாக எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன், உங்கள் ஜிம்மில் சுவர் முழுக்கக் கண்ணாடி போடப் போகிறீர்கள், இந்த ஆறும் பன்னிரண்டாகத் தெரியும் என்றார். அந்தக் காட்சி பயில்வானின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. செட்டையே எடுத்தான். மெல்லிய கம்பியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அக்கா வாதாடவில்லை. உன் ஜிம், உன் இஷ்டம் என்றாள். ஆறையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றில் மட்டும் ஒரு பக்கக் குழாய் இறுகி இருக்கிறது, மாற்றித் தரச் சொல் என்றாள். கடைக்காரர் புதுச் செருப்பு மாதிரிதான், போகப் போகச் சரியாகிவிடும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்றார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பயில்வான் ஆறையும் ஏற்றச் சொல்லிவிட்டான்.

ஜிம் நன்றாகத்தான் ஓடியது. கண்ணாடியும் விளக்கும் பளபளக்கும் கம்பிகளும் பார்த்து ஆட்கள் வந்தார்கள். அக்காவை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தான் பயில்வான். வீட்டு ஆள், நம்பிக்கையான ஆள், சும்மா மாடியில் உட்கார்ந்திருப்பதற்கு இது ஒரு பொழுதுபோக்கு என்று அவன் நினைத்தான். அவள் பூட்டுச் சாவி கொடுப்பாள், புதிதாக வருகிறவர்களின் விவரம் எழுதுவாள், துண்டு மறந்தவர்களைத் திட்டுவாள். வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். அவள் கழுத்தில் பதக்கம் தொங்கிய படம் ஒன்று வீட்டு அலமாரிக்குள் இருக்கிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அதைக் கூடத்தில் மாட்டலாமே என்று பயில்வானின் மனைவி ஒரு தடவை சொன்னாள். மாட்டலாம் என்று அவனும் சொன்னான். அந்த இடத்தில் பிறகு புரதப் பவுடர் விளம்பரம் வந்துவிட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தது சில மாதம் கழித்து. கெச்சலான உடம்பு, சின்னக் கை, முகத்தில் எப்போதும் தூக்கக் கலக்கம். வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தே இடுப்பு போச்சு அக்கா, நடக்கிற மெஷின் எனக்கு வேண்டாம், நாள் பூரா நடந்துட்டுத்தான் வர்றேன், தூக்கக் கத்துக் குடுங்க என்று மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேஜையை விட்டு எழுந்து கூடத்துக்குள் போனாள்.

அதற்குப் பிறகு காலை வேலை முடிந்து நர்ஸ் வரும் நேரத்துக்கு அக்காவின் கண் வாசலிலேயே இருக்கும். முதலில் வெறும் துடைப்பக் கட்டையை வைத்துக் கற்றுக்கொடுத்தாள். முதுகை எப்படி வைப்பது, காலால் தரையை எப்படித் தள்ளுவது, கடைசி நொடியில் கையை எப்படித் திருப்புவது. நர்ஸ் கற்பூர புத்தி. சொல்லி முடிப்பதற்குள் செய்துகாட்டுவாள். கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. அந்தப் பளபளக் கம்பி அவள் கைக்கு ரொம்பப் பருமன். கட்டைவிரலை மடக்கிப் பூட்ட முடியவில்லை. பூட்ட முடியாததால் பிடியை இறுக்கினாள். இறுக்கியதால் திருப்ப வேண்டிய நேரத்தில் கை திரும்பவில்லை.

அக்கா தம்பியிடம் மறுபடி மெல்லிய கம்பி கேட்டாள். ஏசி போட்ட பிறகு என்றான். ஏசி போட்டபின், கால் வலுவேற்றும் மெஷின் வந்த பிறகு என்றான். அவன் பொய் சொல்லவில்லை. வாங்கத்தான் நினைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அதைவிட அவசரமாக ஒன்று கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அந்த இறுகிய கம்பி, கடைக்காரர் சொன்ன மாதிரி போகப் போகச் சரியாகவில்லை. அக்கா எண்ணெய் விட்டுப் பார்த்தாள், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தாள். ஒரு நாள் திரும்பும், மறுநாள் அடம்பிடிக்கும். அதற்கு அவள் மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். நாம் எவ்வளவு திரும்பினாலும் அது மட்டும் திரும்பாது என்பாள். மாமியாரே இல்லாத அண்ணிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பயில்வானின் மனைவி சிரிப்பாள். யாரும் தெரியாமல் எடுத்துவிடக்கூடாது என்று அந்தக் கம்பியின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மூலையில் சாத்தி வைத்தாள் அக்கா. சிவப்புத் துணி கட்டியதைத் தொடாதீர்கள் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். நர்ஸுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் மாலை விளம்பரத்துக்குப் படம் எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஆறு கம்பியும் வரிசையாகத் தெரிய வேண்டும் என்றார் படம் எடுப்பவர். அக்கா அப்போது மாடிக்குப் போயிருந்தாள். மூலையிலிருந்த கம்பியை எடுத்து வரிசையில் வைத்த பயில்வான், படத்தில் கந்தல் மாதிரி தெரிகிறதே என்று துணியை அவிழ்த்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். படம் நன்றாக வந்தது. வந்தவர்களை வழியனுப்பி, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினான். துணியை மறுபடி கட்டவேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்து நர்ஸ் வந்தாள். அக்கா ஒரு புது ஆளின் விவரங்களை எழுதிக்கொண்டிருந்தாள். நீ உடம்பைச் சூடாக்கிக்கோ, வந்துடறேன் என்றாள். நர்ஸ் வரிசையிலிருந்த ஒரு கம்பியை எடுத்துத் தட்டு மாட்டினாள். வழக்கமாகத் தூக்குகிற எடைதான். தரையிலிருந்து இழுத்துத் தோளில் வாங்கினாள். கை திரும்பியது, கம்பி திரும்பவில்லை. தட்டுகளின் மொத்த பாரமும் அவளுடைய வலது மணிக்கட்டைப் பின்பக்கமாக முறுக்கியது.

கம்பி விழுந்த சத்தம் அந்தக் கூடத்தில் புதிதல்ல, தினமும் கேட்பதுதான். அதற்குப் பிறகு வந்த அமைதியைக் கேட்டுத்தான் அக்கா தலை நிமிர்ந்தாள். முழங்கால் வலியை மறந்து ஓடினாள். நர்ஸ் தரையில் உட்கார்ந்து இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கத்தவில்லை. மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டே பழகியவள் என்பதால், ஐஸ் எடுத்துட்டு வாங்க, கையை அசைக்காதீங்க என்று தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிய அக்கா, கீழே கிடந்த கம்பியின் முனையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

"துணியை யாருடா அவுத்தது?"

கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் அவனையே பார்ப்பதுபோல இருந்தது. "தெரியலக்கா" என்றான் பயில்வான். "யாராவது எடுத்திருப்பாங்க."

அக்கா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  கம்பியை உருட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் சாமான் போடும் அறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

மணிக்கட்டில் சின்ன எலும்பு ஒன்று உடைந்திருந்தது, எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரும் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பயில்வான் சொன்னபோது, ஆஸ்பத்திரி ஊழியர் என்பதால் தேவைப்படாது என்றார்கள். அக்காவோடு அவனும் பார்க்கப் போனான். கட்டிலில் சாய்ந்திருந்த நர்ஸ், அவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்தாள். நீங்க அத்தனை தடவை சொன்னீங்க அக்கா, நான்தான் கம்பியைச் சரியாப் பாக்காம எடுத்துட்டேன், தூக்கக் கலக்கத்துல துணி இருந்ததைக் கவனிக்கல போலிருக்கு, உங்களுக்குத்தான் கெட்ட பேரு என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். மாஸ்டர், உங்க ஜிம்முக்கும் சங்கடம் பண்ணிட்டேன் என்று அவனையும் பார்த்துச் சொன்னாள்.

பயில்வான் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் பக்கத்தில் அவளுடைய புருஷன் நின்றுகொண்டிருந்தான், எதிர்க் கட்டிலில் இருந்தவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் உடம்பைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம் என்றான். அது அவன் காதுக்கே பெருந்தன்மையான பேச்சு மாதிரி கேட்டது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கை ஓரளவுக்குத் தேறியது. சாப்பிடலாம், எழுதலாம், தலை சீவலாம். ஆனால் அந்த வார்டில் அவள் பெயர் வாங்கியதே ஊசி போடுவதில்தான். அழுகிற குழந்தைக்கும் குத்தியது தெரியாமல் போடுவாள், மற்றவர்கள் தேடிச் சலித்த நரம்பை ஒரே தொடலில் கண்டுபிடிப்பாள் என்று டாக்டர்களே அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். கட்டைவிரலில் பிடி நிற்கவில்லை. கொஞ்சம் அழுத்தினால் நடுங்கியது. சில மாதம் பார்த்துவிட்டு, பழைய நோயாளிகளின் கோப்புகள் வைக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம் அக்கா வரவேற்பு மேஜையை விட்டுவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்றாள். பயில்வானின் மனைவி அந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் அக்கா எப்போதும்போல் கீழே வந்தாள், தம்பி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், குழம்பில் உப்பு போதவில்லை என்றாள். ஜிம்மைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. சில நாட்கள் மத்தியானம் அவள் எங்கேயோ போய்விட்டு வந்தாள். எங்கே என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாளோ என்ற பயம்.

உடைந்துபோன ஒரு பெஞ்சை மாற்றுவதற்காக மறுபடி கிடங்குக்குப் போனபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. கடைக்காரர் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உங்க அக்கா பளு தூக்கினவங்களா சார், முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். ஆஸ்பத்திரியில் வார்டு ஊழியர்களுக்காக ஓர் உடற்பயிற்சி அறை திறந்திருக்கிறார்களாம். கோப்பு அறையில் இருக்கும் ஒரு நர்ஸம்மா மேலிடத்தில் பேசிப் பேசி வாங்கினார்களாம். சாமான் தேர்ந்தெடுக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்களாம். அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக உருட்டி, குலுக்கி, தடவிப் பார்த்து, நான்கு மெல்லிய கம்பிகளைப் பொறுக்கி எடுத்தார்களாம். "என் வாயை அடைச்சுட்டாங்க சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார் கடைக்காரர்.

பயில்வான் பெஞ்சைப் பார்க்கவில்லை. அந்த மெல்லிய கம்பியில் இன்னும் ஒன்று இருக்கிறதா என்று கேட்டான். ஒன்று இருந்தது. தாங்கிகளின் மேல் வைத்து உருட்டிப் பார்த்தான். குழாயைக் குலுக்கினான். என்ன பார்க்கவேண்டும் என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது. வாங்கி, காரின் முன்சீட்டிலிருந்து பின்கண்ணாடி வரைக்கும் சாய்த்து வைத்து ஓட்டிக்கொண்டு வந்தான்.

அக்கா மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற தம்பியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அவன் அதைச் சுவரோரம் படுக்க வைத்தான். உட்காரவில்லை.

"அந்தத் துணியை நான்தான் அவுத்தேன் அக்கா. படம் எடுக்கிறப்ப."

"தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பொண்ணுக்கு அடிபட்ட அன்னிக்கு ராத்திரி உன் கால்சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தாங்க. பையில இருந்துச்சு. உன் பொண்டாட்டி எடுத்துட்டு வந்து, இது உங்க துணிதானே அண்ணின்னு என்கிட்ட குடுத்தா."

"ஏன் கேக்கல?"

"ஒரு தடவை கேட்டேனே" என்றாள் அக்கா. "நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஆஸ்பத்திரியில சொல்லுவேன்னு பாத்தேன். அப்புறம் நானும் பேசாம இருந்துட்டேன். என் தம்பியை நானே எப்படிக் காட்டிக்குடுக்கிறதுன்னு இருந்துட்டேன். அந்தப் பொண்ணு என் எதிர்லயே உக்காந்து தன்னைத்தானே திட்டிக்கிட்டு இருக்கும். நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அவள் குரல் உயரவில்லை. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். கைக்குப் பொருந்தாத கம்பி என்று தெரிந்தே அதை அவள் கையில் கொடுத்தவள் நான், கிடங்கிலேயே தரையில் உட்கார்ந்து அடம்பிடித்திருக்க வேண்டும், உன் ஜிம் உன் இஷ்டம் என்று பெரிய மனுஷி மாதிரி பேசிவிட்டு வந்தேன் என்றாள். பயில்வான் அழுதான். அக்கா அவனை அழாதே என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது, சொல்லவேண்டிய ஆளிடம் போய்ச் சொல்லு என்றாள்.

கோப்பு அறை ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டடத்தில் இருந்தது. சின்ன ஜன்னல், உயரமான இரும்பு அலமாரிகள், ஒரு மேஜை. நர்ஸ் இப்போது வெள்ளை உடையில் இல்லை. சாதாரணச் சேலையில், இடது கையால் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாங்க மாஸ்டர் என்று எழுந்தாள். அவன் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னான். படம் எடுத்தது, துணியை அவிழ்த்தது, மறந்தது, தெரியாது என்று சொன்னது, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தது. 

நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். வலது கையை மேஜைமேல் வைத்து, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அதுல துணி இல்லவே இல்லையா?" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"நான் கனவுலகூட அந்தத் துணியைப் பாத்திருக்கேன் மாஸ்டர். சிவப்பா, நடுவுல கட்டியிருக்கும். தெரிஞ்சும் எடுக்கிற மாதிரி கனவு வரும். இத்தனை நாளா என் கண்ணை நான் நம்பல. மாத்திரை சீட்டைப் பாத்தாக்கூட நாலு தடவை பாக்குறேன். இந்த ரூமுக்கு மாத்தினப்ப, இதுதான் நமக்கு லாயக்குன்னு பேசாம வந்துட்டேன்."

 மன்னிச்சிடும்மா என்றான் அவன்.  அவள் முகத்தில் கோபம் இல்லை. யாரோ ஒருவர் வந்து ஒரு கோப்பைக் கேட்டார். அவள் எழுந்து போய்த் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவன் இன்னும் நிற்பதைப் பார்த்து, கம்பி வாங்கியிருக்கிறீர்கள் என்று அக்கா போனில் சொன்னார்கள், அதை உங்கள் ஜிம்மிலேயே வையுங்கள், அங்கேயும் சின்னக் கைக்காரிகள் வருவார்கள் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவன் வெளியே வந்தான்.

அந்த மாதமே பயில்வான் கிடங்கில் வாங்கிய ஆறு கம்பிகளையும் எடைக்குப் போட்டுவிட்டு, பார்த்துப் பார்த்து வேறு வாங்கினான். மெல்லிய கம்பிக்கும் ஆள் வந்தார்கள். முதலில் ஒருத்தி, பிறகு அவளோடு இருவர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வா என்று அக்காவைக் கூப்பிட்டான். சம்பளம் போட்டு, பெயர்ப்பலகையில் பெயரும் போடுகிறேன் என்றான். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அறையில் என்னை நம்பிக் கற்றுக்கொள்ள வருகிறார்கள், ரெண்டு இடத்தில் நிற்க முழங்கால் விடாது என்றாள். அது உண்மையும்தான். முதல் நாளே அந்தக் கூடத்தின் நடுவில் அவளை நிறுத்தியிருந்தால், இந்த ஊரிலேயே அவள் மாதிரி ஒரு மாஸ்டர் வேறு எந்த ஜிம்மிலும் இருந்திருக்கமாட்டாள் என்று அவன் மனைவி ஒரு நாள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

அக்காவின் முழங்காலுக்குப் பேருந்துப் படிகள் ஒத்துவரவில்லை என்பதால், மத்தியானம் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவது பயில்வானின் வேலையாயிற்று. பயிற்சி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே நடப்பது தெரியும். ஆயாக்கள், நர்ஸுகள், துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள், வேலை உடையை மாற்றிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அக்கா குச்சி மாதிரி விரலை நீட்டி ஒவ்வொருத்தியின் முதுகையும் நிமிர்த்துவாள். அவளுக்குப் பக்கத்தில் கோப்பு அறை நர்ஸ் நின்று, இழு, திருப்பு, நில் என்று குரல் கொடுப்பாள். அவள் கம்பியைத் தொடுவதில்லை. எடை மாற்றும்போது இடது கையால் தட்டை எடுத்து நீட்டுவாள்.

பயில்வான் வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பான். ஒரு நாள் நர்ஸ் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். அவனைப் பார்த்து நின்றாள்.

"அக்கா வர இன்னும் நேரமாகும் மாஸ்டர். வெயில்ல நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க."

"இல்லம்மா, இருக்கட்டும்" என்றான் அவன்.

அவள் வற்புறுத்தவில்லை. பாட்டிலை நிரப்பிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவன் வண்டியின் நிழல் விழுந்த பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டான்.